ஐபிஎஸ்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

‘உங்களுக்கு இருப்பது ஐபிஎஸ்’ (Irritable Bowel Syndrome, எரிச்சலுறும் குடல் நோய்க்குறி) என்று கேள்விப்பட்டவர்கள் அடுத்தடுத்துக் கேட்கும் சந்தேகங்கள் இவை. எளியவை முதலில், சிக்கலானவை பின்னால். உங்களைப் பார்க்கும் மருத்துவரின் இடத்தை இந்தப் பக்கம் நிரப்பாது. அவரிடம் எதைச் சொல்ல வேண்டும், எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போக உதவும்.

1. எல்லா டெஸ்ட்டும் நார்மல்னு சொல்லிட்டாங்க. அப்போ இந்த வலி வெறும் மனப்பிரமையா?

இல்லை. வலி உண்மையானது. ஐபிஎஸ்ஸில் குடலில் புண்ணோ கட்டியோ இருக்காது. அதனால்தான் ஸ்கேனிலும், பெருங்குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் கொலோனோஸ்கோபியிலும் எதுவும் தென்படுவதில்லை. கோளாறு இருப்பது குடல் அசையும் விதத்திலும், குடலிலிருந்து வரும் உணர்வுகளை நரம்புகள் மூளைக்குக் கொண்டுபோகும் விதத்திலும். மலக்குடலுக்குள் சிறு பலூன் வைத்து மெல்ல ஊதிப் பார்க்கும் சோதனை ஒன்று உண்டு. மற்றவர்களுக்கு லேசான அழுத்தமாகத் தெரியும் அளவிலேயே ஐபிஎஸ் உள்ள பலருக்கு வலி தொடங்கிவிடுகிறது. வாயுவின் அளவு அதேதான். உணரப்படும் வலிதான் கூடுதல்.

குடலும் மூளையும் ஓயாமல் ஒன்றையொன்று பாதிக்கின்றன. கவலை குடலை முடுக்கும், குடல்வலி கவலையைக் கூட்டும். இதைச் சொன்னால் ‘எல்லாம் டென்ஷன்தான்’ என்று ஒதுக்குவதாகப் பலர் வருந்துகிறார்கள். அப்படி எடுத்துக்கொள்ள வேண்டாம். இந்தத் தொடர்பு இருப்பதால்தான் சிகிச்சைக்கு இரண்டு பக்கமும் வழி இருக்கிறது (கேள்வி 16, 18).

2. எந்த டெஸ்ட்லயும் வராதுன்னா, ஐபிஎஸ்தான்னு எப்படி முடிவு பண்றாங்க?

அறிகுறிகளின் போக்கை வைத்து. 2016இல் வெளியான ‘ரோம் 4’ வரையறைதான் உலகெங்கும் பயன்படுகிறது. கடந்த 3 மாதங்களில் சராசரியாக வாரத்தில் 1 நாளாவது வயிற்றுவலி வந்திருக்க வேண்டும். கூடவே இந்த மூன்றில் குறைந்தது இரண்டு பொருந்த வேண்டும்: மலம் கழிப்பதையொட்டி வலி குறைவது அல்லது கூடுவது, போகும் தடவைகள் மாறுவது, மலத்தின் தன்மை மாறுவது. தொல்லை தொடங்கி 6 மாதமாவது ஆகியிருக்க வேண்டும்.

இதில் வலிதான் மையம். வலியே இல்லாமல் மலச்சிக்கல் மட்டும், உப்புசம் மட்டும் இருந்தால் அதற்கு வேறு பெயர், வேறு சிகிச்சை. மருத்துவரிடம் ‘வயிறு சரியில்லை’ என்று பொதுவாகச் சொல்லாமல், வலி எங்கே, எப்போது, மலம் போன பிறகு என்ன ஆகிறது என்று சொன்னால் பாதி வேலை முடிந்துவிடும்.

3. எது இருந்தா ‘இது வெறும் ஐபிஎஸ் இல்லை’ன்னு உடனே டாக்டரைப் பார்க்கணும்?

மலத்தில் ரத்தம் அல்லது மலம் கறுப்பாகப் போவது. முயற்சி செய்யாமலே எடை குறைவது. தூக்கத்திலிருந்து எழுப்பும் பேதி. ரத்தசோகை, விட்டு விட்டு வரும் காய்ச்சல், வயிற்றில் கையில் தட்டுப்படும் கட்டி. 50 வயதை நெருங்கும்போதோ அதற்குப் பிறகோ முதன்முறையாகத் தொடங்கும் தொல்லை. நெருங்கிய ரத்த உறவில் யாருக்காவது பெருங்குடல் புற்றுநோய், குடல் அழற்சி நோய், சீலியாக் நோய் (கோதுமையில் உள்ள குளூட்டன் புரதத்தால் குடல் பாதிக்கப்படும் நோய்) இருப்பது.

மலத்தோடு வெள்ளையாகச் சளி வருவது இந்தப் பட்டியலில் இல்லை. ஐபிஎஸ்ஸில் அது சாதாரணம். சளியோடு ரத்தமும் கலந்திருந்தால் மட்டும் தாமதிக்காதீர்கள்.

4. அப்போ எந்தப் பரிசோதனைகள் போதும்? கொலோனோஸ்கோபி கட்டாயமா?

மேலே சொன்ன அபாய அறிகுறிகள் இல்லாதவர்களுக்குப் பெரும்பாலும் கட்டாயமில்லை. முழு ரத்தப் பரிசோதனை, உடலில் அழற்சியைக் காட்டும் சிஆர்பி, சீலியாக் நோய்க்கான ரத்தப் பரிசோதனை ஆகியவை அடிப்படை. பேதி அதிகம் உள்ளவர்களுக்கு, குடலில் அழற்சி இருந்தால் கூடும் கால்ப்ரொடெக்டின் என்ற புரதத்தை மலத்தில் பார்ப்பார்கள். ஒரு கிராமில் 50 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் குடல் அழற்சி நோய் இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. ஐபுப்ரோஃபென் போன்ற வலிநிவாரணிகள் இந்த அளவை ஏற்றிக் காட்டலாம். எடுத்துக்கொண்டிருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள்.

பலர் தவறவிடும் இடம் சீலியாக் பரிசோதனை. கோதுமையை நிறுத்திய பிறகு இதைச் செய்தால், நோய் இருந்தாலும் ‘இல்லை’ என்று வரக்கூடும். பரிசோதனைக்கு முன் 6 வாரமாவது தினமும் ஒன்றுக்கு மேற்பட்ட வேளைகளில் கோதுமை உணவு சாப்பிட்டிருக்க வேண்டும். ஆகவே முதலில் பரிசோதனை, பிறகு உணவு மாற்றம்.

5. இது நாளடைவில் புற்றுநோயா மாறுமா?

மாறாது. குடல் அழற்சி நோயாகவும் மாறாது, ஆயுளையும் குறைக்காது. அன்றாட வாழ்க்கையை மிகவும் சிரமப்படுத்தும் என்பது வேறு விஷயம்; அதற்காகவே சிகிச்சை.

6. எனக்குச் சில நாள் சிக்கல், சில நாள் பேதி. நான் எந்த வகை?

மலத்தின் தன்மையை 7 வகையாகப் பிரிக்கும் பிரிஸ்டல் அட்டவணையை வைத்துப் பார்க்கலாம். 1 என்பது தனித்தனிக் கெட்டி உருண்டைகள், 2 கட்டி கட்டியாக ஒட்டிய மலம், 3, 4 இயல்பு, 5 மென்மையான துண்டுகள், 6 கூழ், 7 தண்ணீர். மலம் இயல்பாக இல்லாத நாட்களை மட்டும் கணக்கில் எடுங்கள். அவற்றில் கால் பங்குக்கு மேல் 1, 2 வந்து, 6, 7 கால் பங்குக்குக் கீழே இருந்தால் மலச்சிக்கல் வகை. தலைகீழாக இருந்தால் பேதி வகை. இரண்டுமே கால் பங்கைத் தாண்டினால் கலப்பு வகை. மலமிளக்கியோ பேதியை நிறுத்தும் மாத்திரையோ எடுத்த நாட்கள் இந்தக் கணக்கில் சேராது.

ஒரு எச்சரிக்கை. நாலைந்து நாள் போகாமல் இருந்து, பிறகு ஒரே நாளில் பல தடவை தளர்வாகப் போவது உண்மையில் மலச்சிக்கலாகவே இருக்கலாம். தேங்கிய மலத்தைச் சுற்றிக்கொண்டு தளர்ந்த மலம் வழிகிறது. இதைப் பேதி என்று நினைத்து நிறுத்தும் மாத்திரை போட்டால் அடுத்த சுற்று இன்னும் மோசமாகும்.

7. சாப்பிட்டு எழுந்ததும் டாய்லெட்டுக்கு ஓட வேண்டியிருக்கு. சாப்பாடு செரிக்காமலே வெளியே வருதா?

வருவது இப்போது சாப்பிட்டது அல்ல. நேற்றோ அதற்கு முன்தினமோ சாப்பிட்டது. இரைப்பையில் உணவு விழுந்ததும் பெருங்குடல் சுருங்கி இடம் ஏற்படுத்தும். இது எல்லாருக்கும் இருக்கும் அனிச்சைச் செயல். ஐபிஎஸ்ஸில் அது அளவுக்கு மிஞ்சி நடக்கிறது, வலியோடும் உணரப்படுகிறது. பெரிய சாப்பாடு, கொழுப்பு அதிகமான உணவு, காபி மூன்றும் இதைத் தூண்டும். அளவைக் குறைத்து வேளைகளைக் கூட்டினால் வேகம் தணியும். மலத்தில் விதை, தோல் தெரிவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்; அவை யாருக்கும் முழுதாகச் செரிப்பதில்லை.

8. ஃபுட் பாய்சன் ஆன பிறகுதான் இது ஆரம்பிச்சுது. கிருமி இன்னும் உள்ளேயே இருக்கா?

பெரும்பாலும் இல்லை. குடல் தொற்று வந்தவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு, கிருமி போன பிறகும் ஐபிஎஸ் தங்கிவிடுகிறது. தொற்று கடுமையாகவும் நீண்டும் இருந்தால் வாய்ப்பு அதிகம். இதற்கு மறுபடி மறுபடி ஆன்டிபயாடிக் எடுப்பது நன்மையைவிடத் தொல்லையே தரும். ஜியார்டியா என்ற ஒட்டுண்ணி மட்டும் மாதக்கணக்கில் நீடித்து ஐபிஎஸ் போலவே நடிக்கும், அதற்கு மலப் பரிசோதனை ஒன்று போதும். தொற்றுக்குப் பின் வரும் ஐபிஎஸ் பலருக்கு ஆண்டுகள் போகப்போகக் குறைகிறது.

9. எதைச் சாப்பிட்டாலும் ஒத்துக்கல. முதல்ல எதை நிறுத்தணும்?

நிறுத்துவதற்கு முன் 2 வாரம் எழுதுங்கள். சாப்பிட்ட நேரம், சாப்பிட்டது, வலி 0 முதல் 10 வரை எவ்வளவு, மலத்தின் வகை, தூக்கம், மாதவிடாய், மருந்து. இதில் தவறு நேர்வது பெரும்பாலும் நேரத்தைக் கணிப்பதில். வாயுவைக் கிளப்பும் உணவு பெருங்குடலைச் சேரவே சில மணி நேரம் ஆகும். மதியச் சாப்பாடு முடிந்த பத்தாவது நிமிடம் வயிறு உப்பினால் காலையில் சாப்பிட்டதையும் பாருங்கள்; கடைசியாகச் சாப்பிட்டதன் மேலேயே எப்போதும் பழி விழுகிறது.

பிறகு எளிய மாற்றங்கள்: வேளை தவறாமல் நிதானமாகச் சாப்பிடுவது, காபி, தேநீர் நாளுக்கு 3 கோப்பைக்கு மேல் வேண்டாம், பழம் 80 கிராம் வீதம் நாளுக்கு 3 தடவைக்கு மேல் வேண்டாம். மது, வாயுவடைத்த பானம், எண்ணெயில் பொரித்தது ஆகியவற்றைக் குறைக்கலாம். ‘சர்க்கரை இல்லாதது’ என்று வரும் சூயிங்கம், மிட்டாய்களில் உள்ள சார்பிடால் பேதியைக் கிளப்பும். 4 முதல் 6 வாரம் இதைச் செய்துபார்த்தும் போதாவிட்டால்தான் அடுத்த கேள்விக்குப் போக வேண்டும்.

10. ஃபாட்மேப் டயட்னு சொல்றாங்களே, அது என்ன? வாழ்நாள் முழுக்க இருக்கணுமா?

சிறுகுடலில் சரியாக உறிஞ்சப்படாத சில மாவுப்பொருள்களின் தொகுதிப் பெயர் ஃபாட்மேப். அவை குடலுக்குள் தண்ணீரை இழுக்கின்றன. பெருங்குடலில் பாக்டீரியாக்கள் அவற்றைப் புளிக்கவைத்து வாயுவாக்குகின்றன. குடல் விரிகிறது. கேள்வி 1இல் சொன்ன கூர்மையான நரம்புகள் அதை வலியாக்குகின்றன. ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நகர மோனாஷ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2005இல் இந்தக் கருத்தை முன்வைத்தார்கள். வெங்காயம், பூண்டு, கோதுமையில் ஃபிரக்டான், பருப்பு, பயறு வகைகளில் காலக்டான், பாலில் லாக்டோஸ், தேன், ஆப்பிள், மாம்பழத்தில் மிகுதியான ஃபிரக்டோஸ், காளான், காலிஃபிளவரில் மானிட்டால்.

வாழ்நாள் முழுக்கக் கூடவே கூடாது. குறைக்கும் கட்டம் 4 முதல் 6 வாரம்தான். அதற்குள் பலன் தெரியாவிட்டால் இது உங்களுக்கான வழி அல்ல. பழைய உணவுக்குத் திரும்பிவிடுங்கள். பலன் தெரிந்தால் நிறுத்தியவற்றை ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்க்க வேண்டும். இந்த இரண்டாம் கட்டத்தைச் செய்யாமல், நன்றாக இருக்கிறதே என்று ஆண்டுக்கணக்கில் குறைத்தே சாப்பிடுபவர்கள் ஏராளம். நல்ல பாக்டீரியாக்களுக்குத் தீனி இல்லாமல் போகிறது, கால்சியமும் நார்ச்சத்தும் குறைகின்றன, சாப்பாடு என்றாலே பயம் வந்துவிடுகிறது. ஏற்கெனவே எடை குறைந்தவர்களும் உணவைப் பற்றி அதிகம் அஞ்சுபவர்களும் இந்த முறைக்கே போகாமல் கேள்வி 9இல் சொன்னதோடு நிற்பது நல்லது. யாராக இருந்தாலும் உணவியல் நிபுணர் ஒருவர் கூட இருந்து வழிகாட்டினால் பாதுகாப்பு.

பூண்டு வாசனை இல்லாமல் சாப்பிட முடியாதவர்களுக்கு ஒரு வழி: ஃபிரக்டான் தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. முழுப் பூண்டை எண்ணெயில் வதக்கி, பல்லை எடுத்துப் போட்டுவிட்டு அந்த எண்ணெயை உடனே சமையலுக்குப் பயன்படுத்தலாம். தண்ணீர் சேர்ந்த குழம்பில் பூண்டைக் கொதிக்கவிட்டு எடுத்துவிட்டால் இது பலிக்காது.

11. திரும்பச் சேர்க்கிறது எப்படி? எல்லாத்தையும் ஒரே நேரத்துல சேர்க்கலாமா?

ஒரு நேரத்தில் ஒரு வகை மட்டும். அந்த வகையைப் பெரும்பாலும் தனியாகக் கொண்ட உணவைத் தேர்ந்தெடுங்கள். லாக்டோஸுக்குப் பால்: முதல் நாள் கால் கோப்பை, மறுநாள் அரை, மூன்றாம் நாள் ஒன்று. பூண்டுக்குக் கால் பல், அரைப் பல், ஒரு பல். இந்த மூன்று நாளும் மற்ற உணவு முழுவதும் குறைத்த நிலையிலேயே இருக்க வேண்டும். பிறகு 2, 3 நாள் இடைவெளி. அதன்பின் அடுத்த வகை. ஒத்துக்கொண்ட உணவைக்கூடச் சோதனைகள் எல்லாம் முடியும்வரை தள்ளி வைக்க வேண்டும். இல்லையென்றால் இரண்டு வகை சேர்ந்து வந்த தொல்லையை ஒன்றின் மேல் எழுதிவிடுவீர்கள்.

விடை ‘ஆகும், ஆகாது’ என்று வராது. அரைக் கோப்பை பால் ஆகும், ஒரு கோப்பை ஆகாது என்று வரும். அந்த அளவைத் தெரிந்துகொள்ளத்தான் இத்தனை பாடு. ஒத்துக்கொள்ளாததைச் சில மாதம் கழித்து மறுபடி சோதியுங்கள், தாங்கும் அளவு மாறிக்கொண்டே இருக்கும்.

12. கோதுமையை விட்டதும் நல்லா இருக்கு. அப்போ எனக்குக் குளூட்டன் ஒவ்வாமைதானே?

அவசியம் இல்லை. கோதுமையில் குளூட்டன் என்ற புரதமும் இருக்கிறது, ஃபிரக்டானும் இருக்கிறது. 2018இல் வெளியான நார்வே ஆய்வு ஒன்றில், சீலியாக் நோய் இல்லாமல், குளூட்டன் ஆகவில்லை என்று தாங்களாகவே விலக்கியிருந்தவர்களுக்கு எது கொடுக்கப்படுகிறது என்று சொல்லாமல் இரண்டையும் தனித்தனியே கொடுத்தார்கள். தொல்லை கூடியது ஃபிரக்டான் சாப்பிட்டபோதுதான். ஆனாலும் முடிவுக்கு வருமுன் சீலியாக் இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். அந்த நோய் இருந்தால் துளிக் கோதுமையும் கூடாது. ஐபிஎஸ் மட்டும் என்றால் கொஞ்சம் சாப்பிடலாம்.

13. ஃபைபர் நிறையச் சாப்பிடச் சொன்னாங்க. சாப்பிட்டா வயிறு இன்னும் வீங்குது.

எந்த நார்ச்சத்து என்பதுதான் முக்கியம். கோதுமைத் தவிடு போன்ற கரையாத நார் ஐபிஎஸ்ஸில் வலியையும் உப்புசத்தையும் கூட்டக்கூடும். கரையும் நாரான இசப்கோல் உமிக்குத்தான் நல்ல ஆதாரம் இருக்கிறது. தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்வதால் கெட்டி மலத்தை இளக்கும், தளர்ந்ததைத் திரட்டும். மெதுவாகப் புளிப்பதால் வாயுவும் குறைவு.

நாளுக்கு 3, 4 கிராமில் தொடங்கி, வாரத்துக்குக் கொஞ்சமாக ஏற்றி, 10 கிராம் அளவுக்குக் கொண்டுபோகலாம். ஒவ்வொரு தடவையும் ஒரு பெரிய குவளைத் தண்ணீரில் கலந்து உடனே குடிக்க வேண்டும். தண்ணீர் குறைந்தால் அதுவே அடைத்துக்கொள்ளும். விழுங்குவதில் சிரமம் உள்ளவர்கள் தொடக்கூடாது. மற்ற மாத்திரைகளுக்கும் இதற்கும் 2 மணி நேரம் இடைவெளி விடுங்கள். முதல் நாளிலேயே முழு அளவு எடுத்துவிட்டு ‘எனக்கு ஆகாது’ என்று விடுபவர்கள்தான் அதிகம்.

14. காலைல தட்டையா இருக்கிற வயிறு சாயங்காலம் கர்ப்பிணி மாதிரி ஆயிடுது. இவ்வளவு வாயுவா?

பலருக்கு வாயுவின் அளவு இயல்பாகவே இருக்கிறது. குடல் சற்று விரிந்ததும் உதரவிதானம் கீழே இறங்கி, வயிற்றின் முன்தசைகள் தளர்ந்துவிடுகின்றன. உள்ளே இருப்பது அதே அளவாக இருந்தும் வயிறு முன்னே தள்ளுகிறது. அதனால்தான் வாயு மாத்திரை மட்டும் போட்டுப் பலன் இல்லாமல் போகிறது. வயிற்றில் கைவைத்து, உதரவிதானத்தால் மெதுவாக மூச்சு விடும் பயிற்சியைச் சாப்பாட்டுக்குப் பின் 5 நிமிடம் செய்துபாருங்கள். மலச்சிக்கல் இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். இரவில் படுத்த பிறகும் வயிறு குறையாமல் நாள் முழுக்க ஒரே மாதிரி வீங்கியிருந்தால் அது வேறு, மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

15. ஒரே மாத்திரையில எல்லாம் சரியாகாதா?

எந்தத் தொல்லைக்கு எது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். வலிக்கும் பிடிப்புக்கும் மெபெவெரின், ஹையோசின் போன்ற பிடிப்புத் தளர்த்திகள். மெபெவெரின் 135 மி.கி. மாத்திரையைச் சாப்பாட்டுக்கு 20 நிமிடம் முன்பு எடுத்தால்தான் உரிய நேரத்தில் வேலை செய்யும். குடலில் கரையும்படி உறையிட்ட புதினா எண்ணெய்க் கேப்சூல்களும் இதற்கே. அவற்றைக் கடித்துவிட்டால் எண்ணெய் இரைப்பையிலேயே கரைந்து நெஞ்செரிச்சல் வரும்.

லோபெரமைடு பேதியைக் கட்டும், வலியைக் குறைக்காது. பாலிஎத்திலீன் கிளைக்கால் தூள் மலத்தை இளக்கும், வலிக்கு அதுவும் உதவாது. மருந்து தோற்றுவிட்டது என்று பலர் நினைப்பது இதனால்தான்: பேதிக்கு எடுத்த மருந்திடம் வலியையும் தீர்க்கும்படி எதிர்பார்க்கிறார்கள். லினாக்ளோடைடு, ரிஃபாக்ஸிமின் போன்றவை அடுத்த படி. வகை பார்த்து மருத்துவர் தர வேண்டியவை.

16. மனச்சோர்வு மாத்திரை எழுதிக் கொடுத்திருக்காங்க. எனக்கு அந்த நோயே இல்லையே?

நோயை மாற்றிக் கணித்துவிட்டதாக எண்ண வேண்டாம். அமிட்ரிப்டிலின் மிகக் குறைந்த அளவில், இரவில் 10 மி.கி. என்று தொடங்கும்போது, குடல் நரம்புகளின் வலியுணர்வைக் குறைக்கத்தான் தரப்படுகிறது. மனச்சோர்வுக்குத் தரும் அளவு இதைவிடப் பல மடங்கு. 2023இல் லான்செட் இதழில் வெளியான இங்கிலாந்து ஆய்வில் 463 பேர் கலந்துகொண்டார்கள். 10 முதல் 30 மி.கி. வரை எடுத்தவர்களுக்கு, வெற்று மாத்திரை எடுத்தவர்களைவிட 6 மாதத்தில் தெளிவான முன்னேற்றம் இருந்தது.

பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். வாய் உலர்தல், தூக்கக் கலக்கம் முதல் நாட்களிலேயே வந்துவிடும். இந்த இடைவெளியில்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். மலச்சிக்கலைக் கூட்டும் என்பதால் பேதி வகைக்கே நன்றாகப் பொருந்தும். இதயத் துடிப்புக் கோளாறு, கண்ணழுத்த நோய், சிறுநீர் அடைப்பு இருந்தால் மருத்துவரிடம் சொல்லாமல் தொடங்கக் கூடாது.

17. ப்ரோபயாடிக் எடுக்கலாமா? உணவு ஒவ்வாமைக்கு ரத்தப் பரிசோதனை செய்யலாமா?

ப்ரோபயாடிக் (நல்ல பாக்டீரியாக்கள் அடங்கிய தயாரிப்பு) சிலருக்கு உதவுகிறது. யாருக்கு எது என்று முன்கூட்டிச் சொல்ல வழியில்லை. ஒரே வகையை, சொன்ன அளவில், 4 வாரமாவது எடுத்துப் பாருங்கள். 12 வாரத்திலும் பலன் இல்லையென்றால் நிறுத்திவிடலாம். ஃபாட்மேப் சோதனையோடு சேர்த்துத் தொடங்காதீர்கள், எது வேலை செய்தது என்றே தெரியாமல் போகும்.

நூற்றுக்கணக்கான உணவுகளுக்கு ‘ஐஜிஜி’ என்ற எதிர்ப்புப் புரதத்தைப் பார்க்கும் ரத்தப் பரிசோதனை வேண்டாம். ஐஜிஜி இருப்பது அந்த உணவை நீங்கள் சாப்பிட்டிருக்கிறீர்கள் என்பதைத்தான் காட்டும். அதை நம்பி உணவுகளை வெட்டிக்கொண்டே போவது கேள்வி 10இல் சொன்ன அதே பள்ளத்தில் தள்ளும்.

18. மனப்பயிற்சியால குடல் சரியாகுமா?

ஆகிறது. மான்செஸ்டரில் பீட்டர் வோர்வெல் குழு 1984இலேயே, கடுமையான ஐபிஎஸ் உள்ளவர்களுக்குக் குடலை மையமாக வைத்த ஹிப்னோதெரபி உதவுவதைக் காட்டியது. சிந்தனை–நடத்தைச் சிகிச்சைக்கும் நல்ல ஆதாரம் உண்டு. வாரம் ஒன்று வீதம் சுமார் 6 முதல் 12 அமர்வுகள். கிடைக்கும் பலன் பலருக்கு அமர்வுகள் முடிந்த பிறகும் நீடிக்கிறது. உடற்பயிற்சியும் மருந்துக்கு நிகராகக் கருதத் தக்கது: வாரம் 3 முதல் 5 நாள், 20 முதல் 60 நிமிடம், மூச்சு சற்று வாங்கும் அளவுக்கு நடந்தாலே போதும்.

19. எவ்வளவு முக்கினாலும் முழுசாப் போன மாதிரியே இல்லை.

உள்ளே மலம் இல்லாதபோதும் இந்த உணர்வு ஐபிஎஸ்ஸில் வரும். அப்போது முக்கினால் மூலம்தான் வரும். மேற்கத்திய கழிப்பறையில் கால்களுக்குக் கீழே சிறு முக்காலி வைத்து, முழங்கால் இடுப்பைவிட உயரமாக இருக்கும்படி, முன்னே சாய்ந்து உட்காருங்கள். மலக்குடலின் வளைவு நேராகும். மூச்சை அடக்காமல் வயிற்றை மெல்லத் தள்ளுங்கள். 5, 10 நிமிடத்தில் வராவிட்டால் எழுந்துவிடுங்கள்.

தளர்ந்த மலத்தையே தள்ள முடியவில்லை, விரலால் உதவ வேண்டியிருக்கிறது என்றால் இடுப்புத்தளத் தசைகள் தளர வேண்டிய நேரத்தில் இறுகுவது காரணமாக இருக்கலாம். மலமிளக்கியைக் கூட்டுவதால் அது தீராது. தசையின் இயக்கத்தைக் கருவியில் பார்த்தே அதைக் கட்டுப்படுத்தப் பழகும் பயோஃபீட்பேக் பயிற்சி அதற்குரிய சிகிச்சை. வெட்கப்படாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

20. பயணம்னாலே பயம். முன்கூட்டியே மாத்திரை போட்டுக்கலாமா?

பேதி வகை என்றால் போட்டுக்கொள்ளலாம். கிளம்புவதற்கு அரை முதல் ஒரு மணி நேரம் முன்பு லோபெரமைடு 2 மி.கி. ஒன்று. மருத்துவர் சொல்லாமல் ஒரு நாளில் 8 மி.கி.யைத் தாண்டக் கூடாது. மிகையளவு இதயத் துடிப்பைக் குலைக்கும். காய்ச்சலோ மலத்தில் ரத்தமோ இருக்கும்போது எடுக்கவே கூடாது. பயணத்துக்காகப் பட்டினி கிடப்பதைவிட, ஏற்கெனவே ஒத்துக்கொண்ட உணவைச் சிறிதளவு சாப்பிட்டுப் போவது மேல்.

21. எனக்குப் பத்து வருஷமா ஐபிஎஸ். இப்போ வர்ற எல்லாமே அதுதானா?

அப்படி முடிவுகட்டக் கூடாது. ஐபிஎஸ் உள்ளவருக்கும் மற்ற நோய்கள் வரும். தொல்லையின் போக்கு மாறினால், கேள்வி 3இல் உள்ள ஏதாவது புதிதாகச் சேர்ந்தால், பழைய பெயரை ஒதுக்கிவைத்துப் புதிதாகப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். 50 வயதைக் கடந்த பெண்ணுக்கு முதன்முறையாக ஐபிஎஸ் போன்ற உப்புசமும் வலியும் வந்தால் சினைப்பையையும் பார்க்க வேண்டும். மாதவிடாயோடு ஒட்டியே வலி உச்சத்துக்குப் போனால் எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உட்படலம் போன்ற திசு அதற்கு வெளியே வளர்வது) இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பேதி வகை என்று பெயர் சூட்டப்பட்டவர்களில் கணிசமானவர்களுக்கு உண்மையில் இருப்பது பித்த அமிலம் பெருங்குடலுக்குள் மிகுதியாக இறங்குவதால் வரும் பேதி. பித்தப்பையை எடுத்த பிறகு தொடங்கியது, தண்ணீராக, அவசரமாக, எந்த உணவு மாற்றத்துக்கும் அடங்காமல் போகிறது என்றால் இதைக் குறிப்பாகக் கேளுங்கள். பித்த அமிலத்தைப் பிடித்துவைக்கும் கொலெஸ்டிரமின் போன்ற மருந்து இதற்கு இருக்கிறது. அது மற்ற மருந்துகளையும் சேர்த்துப் பிடித்துவிடும் என்பதால், அவற்றை 1 மணி நேரம் முன்போ 4 முதல் 6 மணி நேரம் பின்போ எடுக்க வேண்டும்.